தடுப்பூசி வரிசையை எழுதியவர்கள் யார்?

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்பது நம் குடும்பங்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். பலருக்கு அதுவும் ஓவர்டைம் நாள்தான். அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வழக்கமாக நாம் அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பிரச்சினை, தமிழ்ப்பள்ளி நிலம் என்றுதான் பேசுவோம். இன்று தடுப்பூசியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வாசலில் ஓர் அண்ணன் கேட்டார்: "கோவிட் எல்லாம் முடிஞ்சு போச்சே சார், இப்ப எதுக்கு அது?"

நியாயமான கேள்வி. கோவிட் அவசரநிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதியே அறிவித்தது. ஆனால் அடுத்த பெருந்தொற்று என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும்போது யாருக்கு முதலில் மருந்து, யாருக்குக் கடைசியில் மருந்து என்ற வரிசையோ நோய் வந்த பிறகு எழுதப்படுவதில்லை. முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகிறது. கோவிட் காலத்தில் அந்த வரிசை எப்படி எழுதப்பட்டது, அதில் நாம் எங்கே நின்றோம், அடுத்த முறை அதை மாற்றச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரே நாள், இரண்டு நாடுகள்

2021 பிப்ரவரி 24. அன்றுதான் நம் நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அப்போதைய பிரதமர் முகிடின் யாசின் புத்ராஜெயாவில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

அதே நாளில் ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் ஒரு விமானம் இறங்கியது. அதில் 6 லட்சம் தடுப்பூசிகள் இருந்தன. ஏழை நாடுகளுக்கும் நியாயமாகத் தடுப்பூசி கிடைக்க வேண்டும் என்று அமைக்கப்பட்ட 'கோவேக்ஸ்' என்ற உலகத் திட்டத்தின் முதல் சரக்கு அது. கானாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடி. வந்தது 6 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு பேருக்கு இரண்டு ஊசி!

பிரிட்டனில் ஊசி போடத் தொடங்கியது 2020 டிசம்பர் 8-இல். அடுத்த வாரமே அமெரிக்காவிலும் தொடங்கிவிட்டது. 2021 ஜனவரி 18-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். வசதியான 49 நாடுகளில் அதுவரை 3 கோடியே 90 லட்சம் ஊசிகள் போடப்பட்டிருந்தன. மிக ஏழை நாடு ஒன்றில் போடப்பட்டவை எத்தனை தெரியுமா? 25. இருபத்தைந்து லட்சம் இல்லை, இருபத்தைந்து ஆயிரம் இல்லை. வெறும் இருபத்தைந்து ஊசிகள்!

இதற்குக் காரணம் என்ன? பணக்கார நாடுகளின் அரசாங்கங்கள் தடுப்பூசி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு முன்பதிவு செய்துகொண்டன. கனடா தன் மக்கள்தொகையைப் போல் பல மடங்கு ஊசிகளுக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. யார் முதலில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டினார்களோ அவர்களுக்கு முதல் இடம். எந்த நாட்டில் ஆபத்து அதிகம், எங்கே தாதியர்கள் பாதுகாப்பில்லாமல் வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் அந்த ஒப்பந்தங்கள் கேட்கவில்லை.

நாம் எங்கே நின்றோம்?

மலேசியா நடுவில் மாட்டிக்கொண்ட நாடு. இலவசமாகக் கொடுக்கும் அளவுக்கு ஏழை நாடும் இல்லை, முதல் வரிசையில் போய் நிற்கும் அளவுக்குப் பணக்கார நாடும் இல்லை. 2020 நவம்பரில் ஃபைசர் நிறுவனத்தோடு நம் அரசாங்கம் செய்த முதல் ஏற்பாடு 1 கோடியே 28 லட்சம் ஊசிகளுக்கு. அது மக்கள்தொகையில் 20 சதவீதத்துக்குத்தான் போதும். பிறகு வேறு ஒப்பந்தங்களும் வந்தன. ஆனால் சரக்கு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

அதன் விளைவை நாம் அனுபவித்தோம். 2021 மே 2-ஆம் தேதி, அஸ்ட்ராஸெனெக்கா ஊசிக்கு இணையத்தில் பதிவு திறந்தார்கள். 2 லட்சத்து 68 ஆயிரத்து 600 இடங்கள். சில மணி நேரத்தில் அத்தனையும் முடிந்துவிட்டது. யாருக்குக் கிடைத்தது? வேகமான இணையம் உள்ளவனுக்கு, மதியம் கணினி முன்னால் உட்கார நேரம் உள்ளவனுக்கு. ஷிப்டில் நின்றுகொண்டிருந்த தொழிலாளிக்கு வாய்ப்பு எங்கே? பழைய கைப்பேசியில் மாத முடிவில் டேட்டா தீர்ந்துபோன குடும்பத்துக்கு வாய்ப்பு எங்கே? உலக வரிசையில் பணம் உள்ளவன் முந்தினான். உள்நாட்டு வரிசையில் இணையம் உள்ளவன் முந்தினான்.

2020 முடியும்போது மலேசியாவில் கோவிட்டால் இறந்தவர்கள் என்று பதிவானவர்கள் 471 பேர். 2021 முடியும்போது அந்த எண்ணிக்கை 31,000-ஐத் தாண்டிவிட்டது. தடுப்பூசியே இல்லாத ஆண்டில் 471. தடுப்பூசி இருந்த ஆண்டில் முப்பதாயிரத்துக்கும் மேல்! டெல்டா வகைக் கிருமி வந்தது, தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் நெரிசல், இன்னும் பல காரணங்கள் உண்டு. எல்லாம் தடுப்பூசித் தாமதத்தால் மட்டுமே நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களையும், வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டி அரிசி கேட்ட குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். சில மாதங்கள் முந்திக் கிடைத்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? சரக்கு தாராளமாக வரத் தொடங்கியதும் அக்டோபருக்குள் வயது வந்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு ஊசி போட்டு முடித்த நாடு இது. நம் தாதியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் திறமை இல்லாமல் இல்லை. சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

தானம் கொடுத்த மாடு

ஏழை நாடுகளின் கதை இன்னும் மோசம். கோவேக்ஸ் திட்டம் 2021 முடிவதற்குள் 200 கோடி ஊசிகள் கொடுப்பதாகத் திட்டமிட்டது. முதல் 100 கோடியை எட்டியதே 2022 ஜனவரியில்தான். ஏன்? அந்தத் திட்டம் பெரிதும் நம்பியிருந்தது இந்தியாவில் புனே நகரத்திலுள்ள சீரம் நிறுவனத்தை. 2021-இல் இந்தியாவில் இரண்டாம் அலை வந்து, மக்கள் ஆக்சிஜன் இல்லாமல் இறந்துகொண்டிருந்தபோது, இந்திய அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தியது. கோவேக்ஸுக்கான ஏற்றுமதி நவம்பரில்தான் மறுபடியும் தொடங்கியது. தன் மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாடு அப்படிச் செய்ததை எப்படிக் குறை சொல்வது? உலகம் முழுவதற்குமான பாதி உலையை ஒரே அடுப்பில் வைத்தது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

பணக்கார நாடுகள் பிற்பாடு தானம் கொடுத்தன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் மருந்துக்குப் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும், தேதியைப் பார்த்தே ஆக வேண்டும். காலாவதி நெருங்கிய ஊசிகளைக் கடைசி நேரத்தில் அனுப்பினால் ஏழை நாடு என்ன செய்யும்? 2021 டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளை அழிக்க வேண்டியதாயிற்று. அவை காலாவதி நெருங்கிய நிலையில் தானமாக வந்தவை. அந்த ஆண்டு முடியும்போது ஆப்பிரிக்கக் கண்டத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட முழுமையாக ஊசி போட்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பென் என்ற நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியைப் புட்டியில் நிரப்பும் வேலை நடந்தது. ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் நிரப்பினார்கள். 2021-இல் அதில் பல லட்சம் ஊசிகள் கப்பலேறிப் போனது ஐரோப்பாவுக்கு! பால் மரம் சீவியவன் வீட்டுப் பிள்ளை வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போன கதை நமக்குத் தெரியும். அதே கதைதான் இதுவும்.

விலையும் ரகசியம். ஒப்பந்தத்தில் உள்ளதை வெளியில் சொல்லக்கூடாது என்று நிறுவனங்கள் நிபந்தனை போட்டன. தென்னாப்பிரிக்காவில் ஒரு மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2023 ஆகஸ்டில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் ஒப்பந்தங்களை வெளியிடும்படி உத்தரவிட்டது. வெளியே வந்தது என்ன? ஜான்சன் ஊசி ஒன்றுக்குத் தென்னாப்பிரிக்காவுக்குச் சொன்ன விலை 10 டாலர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எட்டரை டாலர் என்று ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. ஏழைக்கு அதிக விலை, பணக்காரனுக்குக் குறைந்த விலை! தோட்டத்துக் கடையில் கடன் புத்தகம் வைத்து வாங்கிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்த வியாபாரம் புதிதாக இருந்திருக்காது.

இதனால் போன உயிர் எவ்வளவு? லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கோவேக்ஸ் சொன்னபடி ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 20 சதவீதம் பேருக்கு 2021-க்குள் ஊசி கிடைத்திருந்தால், மிக ஏழை நாடுகளில் அந்த ஊசியால் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்கு மேலாக இன்னும் ஏராளமான சாவுகளைத் தடுத்திருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அவர்கள் செத்தது கிருமியால் மட்டுமல்ல, வரிசையாலும்தான்.

காப்புரிமை என்ற பூட்டு

இனி நான் படித்த சட்டத்துக்கு வருகிறேன்.

ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்கு 20 ஆண்டுகள் காப்புரிமை, அதாவது பேட்டண்ட் உண்டு. அதுவரை அதன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்த மருந்தைச் செய்யக்கூடாது. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியதோடு வந்த ஓர் ஒப்பந்தம் இதை உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டாயமாக்கியது. 'டிரிப்ஸ்' ஒப்பந்தம் என்பார்கள்.

உழைத்துக் கண்டுபிடித்தவனுக்குப் பலன் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் கோவிட் தடுப்பூசிகளுக்குப் பணம் போட்டது யார்? மொடர்னா தடுப்பூசி அமெரிக்க அரசாங்க விஞ்ஞானிகளின் பங்களிப்போடும் அமெரிக்க மக்களின் வரிப்பணத்திலும் உருவானது. ஃபைசரோடு சேர்ந்த பயோன்டெக் நிறுவனத்துக்கு ஜெர்மன் அரசாங்கம் 37 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தது. அஸ்ட்ராஸெனெக்கா ஊசி பிறந்தது ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில். செலவில் பெரும்பங்கு மக்கள் பணம். பூட்டுச் சாவி மட்டும் நிறுவனத்தின் கையில்!

2020 அக்டோபர் 2-ஆம் தேதி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் ஒரு கோரிக்கை வைத்தன. பெருந்தொற்று முடியும்வரை கோவிட் மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவி ஆகியவற்றுக்கு இந்த உரிமைகளை நிறுத்தி வையுங்கள் என்றன. நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் எதிர்த்தன. அமெரிக்கா 2021 மே மாதத்தில், தடுப்பூசிக்கு மட்டும் சரி என்றது. பேசினார்கள், பேசினார்கள், இருபது மாதம் பேசினார்கள். 2022 ஜூன் 17-ஆம் தேதி முடிவு வந்தபோது பூட்டு லேசாகத் தளர்ந்தது, அதுவும் தடுப்பூசிக்கு மட்டும். அதற்குள் சாக வேண்டியவர்கள் செத்துப் போயிருந்தார்கள்.

பழைய விதியிலேயே வழி இருக்கிறதே என்று சொன்னவர்களுக்குப் பொலிவியா நாட்டின் அனுபவத்தைச் சொல்லலாம். 2021 மே மாதம் கனடாவிலுள்ள பயோலைஸ் என்ற சிறிய நிறுவனத்தோடு பொலிவியா 1 கோடியே 50 லட்சம் ஊசிகளுக்கு ஓர் உடன்பாடு செய்தது. தயாரித்து ஏற்றுமதி செய்ய வேண்டுமானால், கனடாவின் சட்டத்தில் உள்ள ஒரு பட்டியலில் முதலில் கோவிட் தடுப்பூசியின் பெயரைச் சேர்க்க வேண்டும். பெயர் சேர்க்கப்படவே இல்லை. வாங்க ஆள் தயார், செய்ய ஆள் தயார். ஒரு பெயரை எழுத மட்டும் பேனா கிடைக்கவில்லை!

மருந்து நிறுவனங்கள் தங்கள் தரப்பில் ஒரு வாதம் வைத்தன. காப்புரிமையை எடுத்தாலும் ஏழை நாடுகளால் தடுப்பூசி செய்ய முடியாது, தொழில்நுட்பமும் மூலப்பொருளும் வேண்டும் என்றன. இதில் பாதி உண்மை. சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பது வேறு, பக்கத்தில் நின்று பாட்டி கற்றுக் கொடுப்பது வேறு. அப்படியானால் கற்றுக் கொடுத்திருக்கலாமே? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் அஃப்ரிஜென் என்ற நிறுவனம், யாரும் கற்றுக் கொடுக்காமலேயே, வெளியான தகவல்களை வைத்து 2022 தொடக்கத்தில் மொடர்னா ஊசியைப் போன்ற ஒன்றை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பீட்டர் ஹோட்டெஸ், மரியா எலினா போட்டாஸி என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழு காப்புரிமையே கேட்காமல் ஒரு தடுப்பூசியை உருவாக்கிக் கொடுத்தது. அது கோர்பிவேக்ஸ் என்ற பெயரில் ஹைதராபாத்தில் தயாரிக்கப்பட்டு 2021 டிசம்பரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

நம் நாடே பூட்டைத் திறந்த கதை

இதெல்லாம் பெரிய நாடுகளின் சண்டை, நம்மால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். மலேசியா இந்தப் பூட்டை இரண்டு முறை சட்டப்படி திறந்திருக்கிறது!

நம்முடைய 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுநலத்துக்குத் தேவை என்றால், காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலேயே, அந்தப் பொருளை அரசாங்கம் பயன்படுத்த அது வழிவிடுகிறது. உரிமையாளருக்கு நியாயமான ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இது திருட்டு இல்லை. உலகச் சட்டமும் இதை அனுமதிக்கிறது. பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்கு டிரிப்ஸ் ஒப்பந்தம் தடையாக இருக்கக்கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் எல்லாம் சேர்ந்து 2001 நவம்பரில் தோஹா நகரில் பிரகடனமே செய்திருக்கின்றன.

2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கு மலேசியா இந்தப் பிரிவைப் பயன்படுத்தியது. இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து அதே மருந்துகளை மலிவாக வாங்கியது. சிகிச்சைச் செலவு பல மடங்கு குறைந்தது, அரசாங்கத்தால் அதிகம் பேருக்குச் சிகிச்சை கொடுக்க முடிந்தது.

2017-இல் ஹெப்பாடைட்டிஸ் சி. கல்லீரலை அரித்துத் தின்னும் கிருமி. நம் நாட்டில் நான்கு, ஐந்து லட்சம் பேருக்கு அது இருப்பதாக மதிப்பிட்டார்கள். சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரையை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பெரும்பாலானோரைக் குணப்படுத்துகிறது. ஆனால் 2013-இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது 12 வாரத்துக்கான விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! யார் வாங்குவது?

2017 செப்டம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம், அரசாங்கம் 84-ஆம் பிரிவைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், கிலியட் என்ற அந்த நிறுவனம் மலிவு மருந்து வாங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவையும் தானாகவே சேர்த்தது. அதுவரை நம்மைச் சேர்க்கவில்லை, நடுத்தர வருமான நாடு என்று ஒதுக்கி வைத்திருந்தது. நாம் சட்டத்தைக் கையில் எடுக்கப் போகிறோம் என்று பேச்சு வந்ததும் கதவு திறந்தது பாருங்கள்! இருந்தும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. எகிப்து நாட்டு நிறுவனத்தின் மருந்து வந்தது. சிகிச்சைச் செலவு 300 டாலர் என்ற அளவை நோக்கி இறங்கியது. 2018 முதல் நம் அரசாங்க மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை கிடைக்கத் தொடங்கியது.

அம்னோ, ம.இ.கா., எதிர்க்கட்சி என்று அரசியல் கணக்கை இங்கே கொண்டு வரவில்லை. நல்லது நடந்தால் நல்லது என்று சொல்ல வேண்டும். அது தானாக நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளிகளும், மக்கள் அமைப்புகளும், அமைச்சுக்குள்ளேயே இருந்த நேர்மையான அதிகாரிகளும் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு வாங்கியது அது.

வரிசையின் கடைசியில் நிற்பவர்கள்

உலகத்தைப் பார்த்துக் கேட்கும் நியாயத்தை நாம் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் நம் அரசாங்கம் ஒரு நல்ல முடிவை அறிவித்தது. குடிமக்கள் மட்டுமல்ல, இந்த நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர், அகதிகள், பத்திரம் இல்லாதவர்கள் எல்லாருக்கும் இலவசத் தடுப்பூசி என்றார்கள். ஆனால் அதே ஆண்டு ஜூனில் பத்திரம் இல்லாதவர்களைப் பிடிக்கும் சோதனைகளும் நடந்தன. ஒரு கை ஊசியோடு கூப்பிடுகிறது, இன்னொரு கை விலங்கோடு நிற்கிறது. யார் வருவார்கள்?

அவர்கள் வங்காளதேசிகள், மியன்மார்காரர்கள், நமக்கென்ன என்று சிலர் சொல்வதுண்டு. சற்று யோசியுங்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காததால், பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாததால், அடையாளக் கார்டு இல்லாமல் நிற்பவர்கள் நம்மவர்களில் எத்தனை பேர்? ஐம்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்துவிட்டு இன்னும் சிவப்புக் கார்டோடு இருக்கும் பாட்டிமார்கள் எத்தனை பேர்? தடுப்பூசிக்குப் பதிவு செய்யும்போது மைசெஜாத்ரா செயலி கேட்டது அடையாளக் கார்டு எண் அல்லது பாஸ்போர்ட் எண். இரண்டும் இல்லாத பிள்ளை எதை நிரப்பும்? பிற்பாடு நேரில் வந்து போட்டுக்கொள்ளும் வழி செய்தார்கள், உண்மைதான். ஆனால் பிறந்ததிலிருந்து கௌண்டருக்குக் கௌண்டர் விரட்டப்பட்ட ஒருவர், "இப்போது வா" என்றதும் நம்பி வந்துவிடுவாரா?

கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி உயிரைக் காக்கிறது. 8-ஆவது விதி சட்டத்தின் முன் சமத்துவம் தருகிறது. இந்த இரண்டு விதிகளும் முதல் வரியில் பயன்படுத்தும் சொல் 'குடிமகன்' அல்ல, 'நபர்'. எந்த நபரும், எல்லா நபர்களும் என்றுதான் எழுதியிருக்கிறது. 1996-இல் தான் தெக் செங் வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம், 5-ஆவது விதியில் உள்ள 'உயிர்' என்பது வெறுமனே மூச்சு விடுவது மட்டுமல்ல, வாழ்க்கையின் தரமும் அதில் அடங்கும் என்று விளக்கம் தந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி என்பது அந்த உயிரோடு சேர்ந்ததா இல்லையா? இந்த வாதத்தை நாம் வைக்க வேண்டும், மீண்டும் மீண்டும் வைக்க வேண்டும்.

கிருமி கார்டு கேட்பதில்லை. ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் நீல கார்டுக்காரரும், பெர்மிட்காரரும், ஒன்றும் இல்லாதவரும் தோளோடு தோள் உரசிப் போகிறார்கள். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் காப்பாற்ற முடியாது. பணக்கார நாடுகளுக்கு நாம் சொல்வதும் இதையேதான்.

அடுத்த வரிசை

2025 மே 20-ஆம் தேதி ஜெனீவாவில் உலக சுகாதார மாநாடு ஒரு பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதில் நமக்கு முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. ஒரு நாடு தன்னிடம் கண்டுபிடித்த புதுக் கிருமியை உலகத்தோடு பகிர்ந்துகொண்டால், அதை வைத்துத் தடுப்பூசி செய்யும் நிறுவனங்கள் பதிலுக்கு என்ன கொடுக்க வேண்டும்? பெருந்தொற்று வேளையில், திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் தயாரிப்பில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவதைக் குறிக்கோளாக வைத்திருக்கிறார்கள். அதில் குறைந்தது 10 சதவீதம் தானமாக, மீதி கட்டுப்படியாகும் விலையில். இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்ற விவரம் தனியாக ஓர் இணைப்பில் எழுதப்பட வேண்டும். அந்த இணைப்பு ஏற்கப்பட்ட பிறகே உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறக்கப்படும். 60 நாடுகள் உறுதி செய்தால்தான் அமலுக்கு வரும் என்பது ஏற்பாடு.

20 சதவீதம் போதுமா? ஏழை நாடுகளில் வாழும் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் போதாது. ஆனாலும் 2021-இல் ஒரு சதவீதத்துக்குக்கூட எழுத்தில் உத்தரவாதம் இருக்கவில்லை. இனி சண்டை வாசகத்தைப் பற்றியது. 'கொடுக்க வேண்டும்' என்று எழுதுவதற்கும் 'கொடுக்க முயற்சி செய்யலாம்' என்று எழுதுவதற்கும் இடையில் உள்ள தூரம் பல லட்சம் உயிர்கள். ஒப்பந்தத்தில் ஒரு சொல் எப்படிக் குடும்பத்தையே தெருவில் நிறுத்தும் என்பது வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, அந்த உடன்படிக்கையில் மலேசியா கட்டாயமான பங்கீட்டின் பக்கம் நிற்க வேண்டும், கண்துடைப்புத் தானத்தின் பக்கம் அல்ல.

இரண்டாவது, எந்த நாட்டோடு எந்த வர்த்தக ஒப்பந்தம் போட்டாலும் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவை பலவீனப்படுத்தும் வாசகம் அதில் நுழையக்கூடாது. 2003-இலும் 2017-இலும் நம் மக்களைக் காப்பாற்றிய சாவி அது. நாடாளுமன்றத்தில் விவாதிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

மூன்றாவது, மக்கள் பணத்தில் வாங்கும் மருந்து, தடுப்பூசி ஒப்பந்தங்களின் விலையை மக்கள் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்றம் திறந்த கோப்பை நம் நாட்டில் நாடாளுமன்றமே திறக்கலாம்.

நான்காவது, அடுத்த தொற்று வருவதற்கு முன்பே, அடையாளக் கார்டு கேட்காமல், பிடித்துக் கொடுக்காமல் எல்லாருக்கும் தடுப்பூசி என்ற விதியை எழுத்தில் போட வேண்டும். அமைச்சரின் வாய்மொழி போதாது, அமைச்சர்கள் மாறுவார்கள்.

இந்த நான்கையும் ஒரு மகஜராக எழுதி வைத்திருக்கிறோம். தமிழிலும் மலாயிலும் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். புரியாத இடத்தைக் கேளுங்கள், எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து விளக்குகிறேன். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நாமே நேரில் கொடுப்போம், பத்துப் பேர் வந்தாலும் போதும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இல்லாமல் யாராவது இருந்தால், வெட்கப்படாமல், பயப்படாமல் இன்றே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பின்னால் இருக்கும் மேசையில் நம் தோழியர்கள் இருக்கிறார்கள். பணம் எதுவும் இல்லை. அடுத்த வரிசை எழுதப்படும்போது அந்தப் பிள்ளையின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.